புறா ஈயின் மறைந்த உணர்கொம்பு

பூச்சிகளின் தலையில் முன்னோக்கி நீண்டிருக்கும் இரண்டு கொம்புகளை விலங்கியலார் உணர்கொம்புகள் என்பர். கொம்பு என்னும் பெயர் அவற்றின் தோற்றத்தால் வந்ததேயன்றிச் செயலால் வந்ததன்று. முட்டுவதற்கோ தாக்குவதற்கோ அவை பயன்படுவதில்லை. மனிதனுக்கு மூக்கும் செவியும் விரல் நுனியும் செய்யும் தொழில்களைப் பூச்சிக்கு இவ்விரு கொம்புகளே செய்கின்றன. இரை எங்குள்ளது, துணை எங்குள்ளது, காற்று எத்திசையில் வீசுகிறது என்பனவற்றைப் பூச்சி இவற்றின் வாயிலாகவே பெரும்பாலும் அறிகிறது.

இவ்வளவு இன்றியமையாத உறுப்பு, சில ஈக்களிடம் வெளியே தெரியாதவாறு தலைக்குள் புதைந்து கிடக்கிறது. இதற்கோர் எடுத்துக்காட்டை மும்பை நகரத்தார் தேடிச் செல்லவேண்டியதில்லை. மாதுங்காவிலும் செம்பூரிலும் அடுக்குமாடி வீடுகளின் சாளர விளிம்புகளில் கூடு கட்டும் புறாக்களின் இறகுகளுக்கிடையே அது வாழ்கிறது. தாராவி போன்ற நெருக்கமான பகுதிகளில் கூரையின் மேல் மரப்பெட்டிகளில் புறா வளர்ப்போரும் அதனை அறிவர். புறாவைக் கையில் எடுக்கும்போது இறகினுள்ளிருந்து வெளிப்பட்டு, நண்டு போலப் பக்கவாட்டில் விரைந்தோடி, மீண்டும் இறகினுள் மறையும் தட்டையான கரும்பழுப்பு ஈயே அது. புறா ஈ என்று அதனை அழைக்கலாம். அறிவியலார் இட்ட பெயர் சூடோலிஞ்சியா கனாரியென்சிஸ் என்பது.

இந்த ஈயின் உணர்கொம்பு ஏன் மறைந்தது என்னும் வினா, ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. அதற்குரிய விடையை அறிந்தால், இந்த ஈயை எங்கே தேடுவது, எவ்வாறு ஒழிப்பது என்பதும் விளங்கிவிடும்.

உணர்கொம்பின் அமைப்பு

கொசுவும் ஈயும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் பறப்பதற்கு இரண்டு இறக்கைகளே உண்டு. ஆயினும் அவற்றின் உணர்கொம்புகள் பெரிதும் வேறுபடுகின்றன. கொசுவின் கொம்பு நீண்டது. மணிகளைக் கோத்தாற்போல் பல கணுக்களை உடையது. ஆண் கொசுவின் கொம்பில் ஒவ்வொரு கணுவைச் சுற்றியும் நீண்ட மயிர்கள் வட்டமாக அமைந்திருப்பதால், அது சிறு இறகு போலத் தோன்றும். பெண் கொசுவுக்கு இம்மயிர்கள் குறுகியும் அருகியும் இருக்கும். ஆண், பெண் கொசுக்களை வெறுங்கண்ணால் பிரித்தறிய இதுவே எளிய அடையாளம்.

1855-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தைச் சேர்ந்த கிறிஸ்தோபர் ஜான்ஸ்டன் என்னும் மருத்துவர், கொசுவின் கொம்பில் இரண்டாவது கணு பருத்திருப்பதையும், அதனுள் நரம்புகள் செறிந்திருப்பதையும் கண்டு, அது செவியாக இருத்தல் வேண்டும் என்று எழுதினார். 1874-இல் ஆல்பிரட் மேயர் என்னும் பௌதிக அறிஞர் இசைக்கவைகளை ஒலிக்கச் செய்து, குறிப்பிட்ட சுருதிக்கு ஆண் கொசுவின் கொம்பு மயிர்கள் அதிர்வதை உருப்பெருக்கியின் வழியே கண்டார். பெண் கொசுவின் இறக்கை எழுப்பும் ரீங்காரத்தை ஆண் கொசு இம்மயிர்களால் கேட்கிறது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. அந்த இரண்டாம் கணுவிலுள்ள உறுப்பு இன்றும் ஜான்ஸ்டன் உறுப்பு என்றே வழங்குகிறது.

வீட்டு ஈயின் கொம்போ மிகக் குறுகியது. மூன்றே கணுக்கள் உடையது. மூன்றாவது கணு மற்ற இரண்டையும்விடப் பெரிதாக நீண்டு, முகத்தின்மேல் தொங்கும். வாசனையை உணரும் நுண்ணிய மயிர்களும் குழிகளும் அக்கணுவின் மேற்பரப்பில் ஆயிரக்கணக்கில் உள்ளன. அக்கணுவின் முதுகிலிருந்து மெல்லிய முள் போன்ற மயிர் ஒன்று எழுகிறது. இதனை உணர்மயிர் எனலாம். இனி வரும் ஈக்களின் கொம்புகளெல்லாம் இந்த மூன்று கணுக்களும் ஓர் உணர்மயிரும் கொண்ட அமைப்பின் மாறுதல்களேயாம். எந்தப் பகுதி வளர்ந்தது, எந்தப் பகுதி ஒடுங்கியது என்பதே காணவேண்டிய செய்தி.

புறா ஈயின் உடலமைப்பு

புறா ஈ ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளமுள்ளது. மேலிருந்து அழுத்தி நசுக்கியது போன்ற தட்டையான உடல். தோல் போல் வலிய மேற்புறம். விரல்களுக்கிடையில் வைத்துச் சாதாரணமாக நசுக்கினால் அது சாவதில்லை என்பதைப் புறா வளர்ப்போர் நன்கறிவர். கால்களின் நுனியில் கொக்கி போன்ற நகங்கள் இருக்கின்றன. அவற்றால் இறகின் இழைகளைப் பற்றிக்கொண்டு எத்திசையிலும் ஓடும். ஆணும் பெண்ணும் புறாவின் குருதியையே உண்டு வாழ்கின்றன. ஆண் கொசு குருதி குடிப்பதில்லை என்பதை இங்கு ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

இதன் தலையை உருப்பெருக்கியில் நோக்கினால், கண்களுக்கு முன்னே இரண்டு குழிகள் காணப்படும். உணர்கொம்புகள் அக்குழிகளில் அமிழ்ந்துள்ளன. முதற்கணு தலையோடு ஒன்றிப் போயிருக்கிறது. இரண்டாவது கணு பருத்துச் சிமிழ் போலாகி, வாசனையை உணரும் மூன்றாவது கணுவைத் தன்னுள் அடக்கிக் கொண்டிருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து காண்போருக்கு ஒரே கணு இருப்பது போலத் தோன்றும். முற்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் இக்கொம்பை ஒற்றைக் கணுவுடையது என்று எண்ணியதற்கும் இதுவே காரணம்.

இந்த அமைப்பின் நன்மை யாது? புறா தன் அலகால் இறகுகளை ஓயாமல் கோதுகிறது. இறகுகளின் நெருக்கத்தினிடையே ஓடும் ஈக்கு நீண்டு நிற்கும் கொம்பு ஓர் இடையூறு. அது இறகிழைகளில் சிக்கும்; அலகில் அகப்படும்; உரசி முறியும். ஆனால் உணவைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டிய தேவை இந்த ஈக்கு இல்லை. அது நிற்பதே உணவின் மீது. எனவே தொலைவிலிருந்து வரும் மெல்லிய வாசனையைப் பிடிக்கப் பெரிய கொம்பு வேண்டுவதில்லை. அருகிலுள்ளதை உணரச் சிறியது போதும். அதுவும் பாதுகாப்பாகக் குழிக்குள் இருப்பதே நன்று.

ஒரே கிளையில் பல படிகள்

ஓர் ஈயைக் கொண்டு மட்டும் இத்தகைய முடிவுக்கு வருதல் சரியன்று. புறா ஈயின் உறவினங்களை ஒப்பிட்டு நோக்கினால்தான் கருத்து உறுதிப்படும். அவ்வுறவினங்கள் அனைத்துக்கும் பொதுவான வியத்தகு இயல்பு ஒன்று உண்டு. அவை முட்டையிடுவதில்லை. தாய் தன் வயிற்றினுள்ளேயே ஒரு நேரத்தில் ஒரு புழுவை மட்டும் வைத்து, பால் போன்ற சுரப்பை ஊட்டி முழு வளர்ச்சி பெறச் செய்து ஈனுகிறது. ஈன்ற புழு இரையேதும் உண்ணாமல் விரைவில் கடினமான கூட்டுப்புழுவாக மாறுகிறது. பூச்சிகளுள் இத்தகைய தாய்மை மிக அரிது. இந்த ஒற்றுமையும் பிற ஆதாரங்களும் இவ்வீக்கள் ஒரே மூதாதையரிலிருந்து வந்தவை என்பதைக் காட்டுகின்றன.

இக்கிளையின் முதற்படியில் ஆப்பிரிக்காவின் செட்சி ஈயை வைக்கலாம். சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கே வாழும் இந்த ஈ, மனிதரிடையே உறக்க நோயையும் கால்நடைகளிடையே நகானா என்னும் நோயையும் பரப்புவது. இந்தியாவில் இது இல்லை. இது குருதி குடிக்கும் நேரம் போக மற்ற நேரங்களில் மரநிழலில் தங்கியிருந்து, பசி எடுத்தபோது விலங்கைத் தேடிப் பறந்து செல்கிறது. இதன் உணர்கொம்பு ஈக்களுள் தனிச்சிறப்பு வாய்ந்தது. மூன்றாவது கணு நீண்டு வளர்ந்துள்ளது. உணர்மயிரின் ஒரு பக்கத்தில் வரிசையாகக் கிளைமயிர்கள் எழ, அக்கிளைமயிர்களும் மீண்டும் கிளைத்துச் சிறு இறகு போல விளங்குகின்றன. செட்சி ஈயைப் பிற ஈக்களிலிருந்து பிரித்தறிய இதுவே சிறந்த அடையாளங்களுள் ஒன்றாகப் பாடநூல்களில் கூறப்படும்.

இரண்டாம் படியில் மாடுகளின் மேல் வாழும் ஈ நிற்கிறது. ஹிப்போபாஸ்கா மாக்குலேட்டா என்பது இதன் அறிவியற்பெயர். இந்தியாவில் மாடு, குதிரை ஆகியவற்றின் வாலடியிலும் தொடையிடுக்கிலும் கூர்ந்து நோக்கினால் இதனைக் காணலாம். செம்பூரை அடுத்த தேவ்னாரில் 1971-ஆம் ஆண்டு முதல் மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் இயங்கி வருகிறது. அத்தகைய இடங்களில் கால்நடைகளைப் பார்வையிடும் மருத்துவர்கள் அறிந்திருக்கவேண்டிய ஈக்களுள் இதுவும் ஒன்று. நாயின் மேல் வாழும் ஈ இதன் நெருங்கிய உறவு. இவ்விரண்டும் நன்றாகப் பறக்கும். விரட்டினால் எழுந்து மீண்டும் வந்து அமரும். ஆனால் பெரும்பொழுதை விலங்கின் உடலிலேயே கழிப்பதால், இவற்றின் கொம்பு ஏற்கெனவே சிறுத்துக் குழிக்குள் இறங்கிவிட்டது.

மூன்றாம் படி புறா ஈ. இறக்கை உண்டு, தேவையானபோது ஒரு புறாவை விட்டு மற்றொரு புறாவை நோக்கிப் பறக்கும், எனினும் வாழ்வு முழுவதும் இறகுகளுக்கிடையேதான். இதற்கப்பால் குளிர் நாடுகளில் செம்மறியாட்டின் மயிருக்குள் வாழும் ஓர் ஈ, இறக்கைகளையே இழந்துவிட்டது.

கடைசிப் படியில் வெளவால்களின் மேல் வாழும் ஈக்கள் உள்ளன. இவற்றுள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை சிலந்தி போலத் தோன்றும். இறக்கை அறவே இல்லை. சிறு தலை பின்புறமாக மடிந்து மார்பின் முதுகிலுள்ள பள்ளத்தில் படிந்திருக்கும். குறுகிய கொம்புகள் தலையின் பள்ளங்களில் ஒடுங்கியிருக்கும். இந்தியாவின் பெரிய பழந்தின்னி வெளவாலின் மேல் வாழும் இத்தகைய ஈ ஒன்று சைக்ளோபோடியா சைக்சியை எனப் பெயர் பெற்றிருக்கிறது. பம்பாய்ப் படையில் பணியாற்றித் தக்காணத்தின் விலங்குகளையும் பறவைகளையும் திரட்டி விவரித்த சைக்ஸ் என்னும் அதிகாரியின் பெயரை அது தாங்குகிறது. வெளவால் ஈக்களின் மற்றொரு குடும்பத்தில், பழைய உலகின் வெப்பநாடுகளில் வாழும் அஸ்கோடிப்டெரான் என்னும் இனம் இன்னும் ஒரு படி மேற்சென்றுள்ளது. அதன் பெண் ஈ வெளவாலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, இறக்கைகளையும் கால்களையும் உதிர்த்துவிட்டுச் சிறு பை போல அங்கேயே தங்கிவிடுகிறது.

செட்சி ஈ முதல் வெளவால் ஈ வரையிலுள்ள இவ்வரிசையை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஈ தன் உணவை எவ்வளவு தொலைவிலிருந்து தேடவேண்டியிருக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் கொம்பு விரிந்துள்ளது. உணவின் மேலேயே குடியேறியது எதுவோ, அதன் கொம்பு ஒடுங்கியுள்ளது.

கிளைவிட்ட கொம்புகள்

இவ்வுண்மையின் மறுமுனையை வேறொரு குடும்பத்தில் காணலாம். புழுக்களின் மேல் முட்டையிட்டு, அவற்றின் உடலைத் தன் குஞ்சுகளுக்கு இரையாக்கும் டாக்கினிட் ஈக்கள் உலகெங்கும் உள்ளன. பட்டுப்புழு வளர்ப்போரை அலைக்கழிக்கும் ஊசி ஈ இக்குடும்பத்ததே. மேற்கு வங்காளத்தில் நெடுங்காலமாக இருந்த அந்த ஈ, 1980-ஆம் ஆண்டில் கர்நாடகத்துக்குள் புகுந்து, பின்னர் தமிழ்நாட்டுப் பட்டு வளர்ப்பையும் தாக்கிற்று. அதன் கொம்பு வீட்டு ஈயின் கொம்பை ஒத்த சாதாரண அமைப்புடையதுதான்.

ஆனால் அமெரிக்காவின் வெப்பமண்டலக் காடுகளில் வாழும் டாக்கினிட் ஈக்கள் சிலவற்றில், மூன்றாவது கணு ஒன்றாக நில்லாமல் பல விரல்களாகப் பிளந்து, மான்கொம்பு போலவும் சீப்புப் போலவும் கிளைத்திருக்கிறது. இவ்வகைக் கொம்பு ஆண் ஈக்களிடமே காணப்படுகிறது. அதே இனத்துப் பெண் ஈயின் கொம்பு கிளைப்பதில்லை. கணு கிளைக்குந்தோறும் அதன் மேற்பரப்பு மிகுகிறது. மேற்பரப்பு மிகுந்தால் வாசனையை உணரும் நுண்மயிர்களுக்கு இடம் மிகுகிறது. பரந்த காட்டில் அரிதாகக் காணப்படும் பெண் ஈயை அதன் வாசனையால் கண்டுபிடிக்க இவ்வமைப்பு உதவுகிறது என்று அறிஞர் கருதுகின்றனர். பட்டாம்பூச்சியின் உறவான சில விட்டில்களில் ஆணுக்கு மட்டும் சீப்புப் போன்ற பெரிய கொம்பு இருப்பதும் இதே காரணத்தால்தான் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. தேடவேண்டிய பொருள் அரிதாயின், தேடும் கருவி பெரிதாகிறது.

விதிக்கு ஒரு வரம்பு

எனினும், ஒடுங்கிய கொம்பைக் கண்டவுடன் அந்த ஈ விலங்கின் மேலேயே வாழ்வது என்று முடிவு செய்தல் தவறாகும். இதற்குத் தோல் தொழிலோடு தொடர்புடைய ஓர் ஈ சான்று பகரும்.

தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறியோர் பலர். பதனிட வரும் தோலைப் பிடித்துப் பார்க்கும் தொழிலாளி, சில வேளைகளில் முதுகுப் பகுதியில் வரிசையாகச் சிறு துளைகள் இருப்பதைக் காண்பான். கத்தியால் நேர்ந்த துளைகள் அல்ல அவை. மாடு, ஆடு ஆகியவற்றின் உடலுக்குள் வளர்ந்து, இறுதியில் முதுகுத் தோலைத் துளைத்து மூச்சுவிடும் புழுக்களால் ஏற்பட்டவை. வட இந்தியாவிலும் வடமேற்கு மலைப்பகுதிகளிலும் இத்தகைய புழுக்களின் தொல்லை மிகுதி. துளையுள்ள தோலுக்கு விலை குறைந்துவிடும்.

இப்புழுக்களின் தாய் ஈ விலங்கின் மேல் குடியிருப்பதன்று. அது வெளியே பறந்து திரிந்து, விலங்கைத் தேடி வந்து மயிரில் முட்டையிட்டுச் செல்வது. ஆயினும் அதன் கொம்பும் மிகச் சிறியது. முகத்திலுள்ள பள்ளத்தில் அடங்கியிருப்பது. இந்த ஈயின் வாயுறுப்புகளும் ஒடுங்கிப்போனவை. வளர்ந்த ஈ உணவே உண்பதில்லை. சில நாட்களே வாழும் அதற்குப் பெரிய கண்கள் பேருதவி புரிகின்றன. ஆகவே கொம்பின் வடிவம் ஒரு சான்றுதான். ஒரே சான்று அன்று. கண், வாய், கால், இறக்கை ஆகியவற்றையும் உடன்வைத்து நோக்கியே ஈயின் வாழ்க்கையைத் தீர்மானித்தல் வேண்டும். புறா ஈயின் தட்டையான உடலும் கொக்கி நகமும் ஒடுங்கிய கொம்பும் ஒரே செய்தியைக் கூறுவதால்தான் அச்செய்தி நம்பத்தக்கதாகிறது.

கொசுவில் வளராத உயிரி

இறகுக்குள் மறைந்து வாழும் இந்த ஈயை அறியாமையால் நேர்ந்த ஒரு சிக்கல், மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுள்ளது.

1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், மனிதனின் மலேரியா உயிரியைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் அவர் பறவைகளின் குருதியிலுள்ள உயிரிகளைக் கொண்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அப்பறவைகளின் குருதியில் இருவகை உயிரிகள் இருந்தன. ஒருவகையை உடைய பறவைகளைக் கடித்த கொசுக்களில் உயிரி வளர்ந்தது. இறுதியில் அது கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும் ராஸ் கண்டார். மற்றொரு வகை, குருதி அணுவுக்குள் அதன் கருவைச் சுற்றி வளைந்து, உடற்பயிற்சிக்குரிய இரட்டைத் தலைக் குண்டு போலக் காட்சியளிப்பது. அவ்வகையை உடைய பறவைகளைக் கடித்த கொசுக்களில் எதுவும் வளரவில்லை. அதே கொசு, அதே முறை. விளைவு மட்டும் வேறு.

இரண்டாம் வகை உயிரி ஆராய்ச்சிக்கு உதவாததன்று. 1897-இல் வில்லியம் மக்காலம் என்னும் கனடாவில் பிறந்த இளம் மருத்துவர், காகத்தின் குருதியிலிருந்த அவ்வகை உயிரியில்தான் ஆண் அணு பெண் அணுவோடு கலப்பதை முதன்முதலாகக் கண்டார். ஆனால் ஒரு பறவையிலிருந்து மறு பறவைக்கு அதனைச் சுமந்து செல்வது எது என்பது விளங்காமலே இருந்தது.

புறாவைப் பொறுத்தவரை விடை புறாவின் மேலேயே இருந்தது. 1906-இல் அல்ஜீரியாவில் எட்மண்ட் செர்ஜாண், எட்டியன் செர்ஜாண் என்னும் சகோதரர்கள், இறகுக்குள் வாழும் புறா ஈயே அவ்வுயிரியைப் பரப்புகிறது என்று காட்டினர். பிரேசிலில் அரகாவ் என்பவர் 1908-இல், புறாவின் நுரையீரலில் அவ்வுயிரி பெருகுவதை விவரித்தார். ஈயின் வயிற்றுச் சுவரில் உயிரி வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடையும் படிகளைத் தெளிவாக நிறுவியவர் இந்தியாவில் பணிசெய்த ஹெலன் ஆடி அம்மையார். அவருடைய கட்டுரை 1915-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. பிற பறவைகளிலுள்ள இவ்வகை உயிரிகளுள் பலவற்றை மிகச் சிறிய கடிக்கும் நுண்கொசுக்கள் சுமக்கின்றன என்பது பின்னர் அறியப்பட்டது.

சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் பணியாற்றிய பேட்டனும் கிராக்கும் 1913-இல் வெளியிட்ட மருத்துவப் பூச்சியியல் நூல், குருதி குடிக்கும் ஈக்களின் உடலமைப்பை நுணுக்கமாக விளக்கிய முதற் பெருநூல்களுள் ஒன்று. நோயைச் சுமக்கும் பூச்சியின் உறுப்புகளை அறியாமல் நோயின் வழியை அறிய இயலாது என்பதே அக்காலத்து ஆராய்ச்சிகள் அனைத்தும் உணர்த்திய பாடம்.

இங்கு ஒன்றை ஐயமறக் கூறவேண்டும். புறாவின் குருதியிலுள்ள இவ்வுயிரி மனிதருக்கு வருவதில்லை. புறா ஈ சில வேளைகளில் மனிதரைக் கடிக்கும். கடித்த இடம் வலிக்கும், அரிக்கும். மனிதரின் மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் கொசுவேயன்றி இந்த ஈ அன்று. மும்பையில் அக்கொசு கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகுவதை 1911-ஆம் ஆண்டு தம் அறிக்கையில் பென்ட்லி விளக்கியிருக்கிறார்.

பொறியா, துப்புரவா?

உணர்கொம்பைப் பற்றிய அறிவு நடைமுறையில் எவ்வாறு பயன்படுகிறது என்பதற்குச் செட்சி ஈயும் புறா ஈயும் இரு வேறு எடுத்துக்காட்டுகள்.

செட்சி ஈ வாசனையைப் பின்தொடர்ந்து வருவதாகையால், வாசனையைக் கொண்டே அதனை ஏமாற்றலாம். மாட்டின் மூச்சிலும் உடல் வாசனையிலும் உள்ள பொருள்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஈயின் உணர்கொம்பில் மின்னதிர்வு எழுகிறதா என்று அறிஞர் சோதித்தனர். ஆக்டினால் என்னும் பொருள் ஈயைப் பெரிதும் கவர்வது என 1984-இல் அறிவிக்கப்பட்டது. அதனையும் அசிட்டோன் போன்ற பொருள்களையும் சிறு புட்டிகளில் வைத்து, நீலமும் கருப்புமான துணிப் பொறிகளையும் பூச்சிமருந்து தோய்த்த துணித் திரைகளையும் நட்டு, சிம்பாப்வே நாட்டில் பெரும்பரப்பில் செட்சி ஈயைக் குறைத்தனர். ஈ மருந்தைத் தேடித் தானே வந்தது. காடு முழுவதும் மருந்து தெளிக்கவேண்டிய தேவை குறைந்தது.

புறா ஈக்கு இம்முறையை மேற்கொண்டால் அத்தகைய பயன் கிட்டாது. இறகுக்குள்ளேயே நிறைவாக வாழும் ஈ, தொலைவில் வைத்த பொறியைத் தேடி வரவேண்டிய காரணம் இல்லை. சாளரத்தில் மருந்து தெளிப்பதும் அவ்வாறே. புறாவின் மேலுள்ள ஈயை அது எட்டாது. ஆயின் இந்த ஈயின் வாழ்வில் புறாவை விட்டு விலகும் ஒரு காலம் உண்டு. தாய் ஈன்ற புழு கூட்டிலும் அதைச் சுற்றியுள்ள தூசியிலும் விழுந்து, சில மணி நேரத்தில் கறுத்து, கடினமான கூட்டுப்புழுவாகிவிடும். சிறு கறுப்பு விதை போலத் தோன்றும் அது, வெப்பத்துக்கேற்ப மூன்று முதல் நான்கு வாரம் வரை அங்கேயே அசையாமல் கிடக்கும். அதன் பின்னரே ஈ வெளிப்பட்டுப் புறாவின் மேல் ஏறும்.

புறா முட்டையை ஏறத்தாழ 18 நாள் அடைகாக்கிறது. குஞ்சு ஏறத்தாழ நான்கு வாரம் கூட்டில் தங்குகிறது. இறகு முளைக்காத குஞ்சு ஈயை விரட்ட இயலாது. ஈக்கள் மிகுந்தால் குஞ்சு குருதி குன்றி மெலியும், இறத்தலும் உண்டு. ஆகவே புறா வளர்ப்போர் மூன்று வாரத்துக்கு மிகாமல், பதினெட்டு இருபது நாட்களுக்கு ஒருமுறை கூட்டின் குப்பையையும் மூலைத் தூசியையும் திரட்டி எரித்துவிடுவது இன்றியமையாதது. அவ்வாறு செய்தால், முன்முறை துப்புரவு செய்தபின் விழுந்த கூட்டுப்புழுக்கள் ஈயாக வெளிப்படுமுன் அழிந்துவிடும். தாய் ஈ ஒரு நேரத்தில் ஒரு புழுவையே ஈனுவதாலும், தன் வாழ்நாளில் சில புழுக்களையே ஈனுவதாலும், இவ்விழப்பை அதனால் எளிதில் ஈடுசெய்ய முடியாது. நூற்றுக்கணக்கில் முட்டையிடும் வீட்டு ஈயைவிட இதனை ஒழிப்பது எளிது. இடையில் ஒருமுறை தவறினால் மட்டும் உழைப்பு வீணாகும்.

வளர்ப்புப் புறா இல்லாத வீடுகளிலும் இச்செய்தி பயன்படும். மகாராஷ்டிர அரசு 2025 ஜூலையில், மும்பையில் புறாக்களுக்குத் தானியமிடும் கபூதர்கானாக்களை மூடுமாறு மாநகராட்சிக்குக் கூறிற்று. மாதுங்காவை அடுத்த தாதரிலுள்ள புகழ்பெற்ற கபூதர்கானாவும் மூடப்பட்டது. அதற்கு எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. அரசு கூறிய காரணம் புறா எச்சத்தால் வரும் நுரையீரல் நோய், ஈ அன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பலாகாது. எச்சத்தின் தூசு மூச்சில் புகுந்து நோய் தருவது ஒன்று. கூட்டை விட்டுப் புறாக்கள் அகன்றபின் பசித்த ஈக்கள் அறைக்குள் வருவது மற்றொன்று. சாளர விளிம்பில் குஞ்சுகள் பறந்துபோன பழைய கூடு இருந்தால், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, எச்சத்தை நீரால் நனைத்துத் தூசி எழாதவாறு திரட்டி அகற்றுதல் வேண்டும். அவ்வாறு செய்தால் தூசும் கூட்டுப்புழுவும் ஒருங்கே அகலும். பின்னர் அவ்விடத்தை வலையால் அடைத்துவிடலாம்.

மாணவர்க்கு ஒரு சோதனை

இவ்வாறு திரட்டிய பழைய கூட்டில் காணப்படும் கறுப்புக் கூட்டுப்புழுக்கள் சிலவற்றை ஆசிரியரின் மேற்பார்வையில் சிறு புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி, நாள் குறித்து வைக்கலாம். ஈ வெளிப்படும் நாளைக் குறித்துக்கொண்டால், எத்தனை நாட்களுக்கு ஒருமுறை கூட்டைத் துப்புரவு செய்யவேண்டும் என்பதற்கு அந்தப் பருவத்துக்குரிய கணக்கு கிடைக்கும். வெளிப்பட்ட ஈ இறந்தபின் அதன் தலையை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, அருகில் ஒரு வீட்டு ஈயின் தலையையும் ஆண் கொசுவின் தலையையும் வைத்து ஒப்பிடுக. ஆண் கொசுவின் கொம்பு இறகு போல விரிந்திருக்கும். வீட்டு ஈயின் கொம்பு முகத்தின்மேல் தொங்கும். புறா ஈயின் கொம்பைத் தேடித்தான் காணவேண்டும். மூன்று தலைகளும் மூன்று வாழ்க்கைகளைக் கூறும். எதனைப் பொறியால் பிடிக்கலாம், எதனைத் துடைப்பத்தால் ஒழிக்கலாம் என்பதையும் அவற்றிலிருந்தே பெரும்பாலும் ஊகித்தறியலாம்.